சொந்தச் சரக்குக்கு மஞ்சள் போர்டு வண்டி: பேக்கேஜ் பாலிசி, வரி, எஃப்சி பற்றி ஒரு மதிப்பாய்வு

தோப்புத் தேங்காயை ஏற்ற, கடைக்குக் கொள்முதல் எடுத்துவர, நர்சரிக் கன்றுகளைக் கொண்டுபோக என்று வாடகைக்கு விடாமல் சொந்த வேலைக்கே குட்டியானையோ பிக்கப்போ வாங்குகிறவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்கள் கையில் வந்து சேரும் இன்சூரன்ஸ், 'சரக்கு வாகன பேக்கேஜ் பாலிசி'. எந்த நிறுவனத்தின் பெயர் மேலே அச்சாகியிருந்தாலும் உள்ளே இருக்கும் அடிப்படை வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் இங்கே தனி நிறுவனம் எதையும் மதிப்பிடவில்லை. அந்தப் பாலிசியையும், அதோடு ஒட்டிவரும் வரி, எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), பரிவாகன் என்ற அரசு வாகன இணையதள சேவை ஆகியவற்றையும் சொந்த உபயோகக்காரரின் பக்கம் நின்று பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சரியான பிரிவில் எழுதி, தேவையான இரண்டு மூன்று சேர்க்கைகளைப் போட்டு வாங்கினால் இது நல்ல பாலிசி. கவுண்டரில் நீட்டுவதை அப்படியே வாங்கினால் தேர்ட் பார்ட்டிக்கு (பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கான கவர்) மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கட்டிவிட்டு, பம்பரும் ஹெட்லைட்டும் உடைந்தால் கைக்காசு போட வேண்டிய நிலைக்கு வந்து நிற்பீர்கள்.

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் ஒரே கேள்விதான்: "நான் வாடகைக்கே ஓட்டவில்லையே, எனக்கு எதற்கு மஞ்சள் போர்டு?" 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இந்தக் கேள்வியை அப்படிப் பார்ப்பதில்லை. சரக்கு ஏற்றுவதற்கென்றே கட்டப்பட்ட வண்டி எதுவும் 2(14) பிரிவின்படி சரக்கு வாகனம். சரக்கு வாகனம் எதுவும் 2(47) பிரிவின்படி போக்குவரத்து வாகனம். ஏற்றுவது யாருடைய சரக்கு, வாடகை வாங்குகிறீர்களா இல்லையா என்பது அந்த வரையறைக்குள் வருவதே இல்லை. வண்டியின் கட்டமைப்புதான் தீர்மானிக்கிறது. ஆகவே பெயின்டரிடம் சொல்லி நம்பர் பிளேட்டை வெள்ளையாக்கினால் வண்டி சொந்த வண்டி ஆகிவிடாது. ஆர்சியில் (பதிவுச் சான்று) சரக்கு வாகனம் என்று இருக்கும்வரை வரி, எஃப்சி, இன்சூரன்ஸ் மூன்றும் அந்தக் கணக்கில்தான் ஓடும்.

வாங்கும் முன்பே இதைக் கவனித்தால் பாதித் தலைவலி தீரும். பார்வைக்கு ஒரே மாதிரி தெரியும் இரட்டை கேபின் பிக்கப்களிலேயே பதிவு வேறுபடுகிறது. இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவற்றை வெள்ளை போர்டில் பதியலாம். மஹிந்திரா பொலேரோ கேம்பரில் பின் சீட் இருந்தாலும் அது வணிக வாகனமாக விற்கப்படுவது. ஷோரூமில் மாடல் பெயரைக் கேட்பதோடு விடாமல் "ஆர்சியில் என்ன வகை என்று வரும், டிரான்ஸ்போர்ட்டா, நான்-டிரான்ஸ்போர்ட்டா?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். விற்பனையாளர் வாய்மொழியாகச் சொல்வது ஆர்டிஓ அலுவலகத்தில் செல்லாது.

பப்ளிக் கேரியர், பிரைவேட் கேரியர்

இந்த மதிப்பாய்வில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். மூன்று சக்கரம் அல்லாத சரக்கு வண்டிகளுக்கான தேர்ட் பார்ட்டி கட்டணத்தில் இரண்டு தனிப் பட்டியல்கள் உண்டு. ஊரார் சரக்கை வாடகைக்கு ஏற்றுவது பப்ளிக் கேரியர். சொந்தச் சரக்கை மட்டும் ஏற்றுவது பிரைவேட் கேரியர். 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த கட்டணத்தில், மொத்த எடை (வண்டியும் சரக்கும் சேர்ந்து) 7,500 கிலோவுக்கு உட்பட்ட பப்ளிக் கேரியருக்கு ஆண்டுக்கு 16,049 ரூபாய். அதே எடை பிரைவேட் கேரியருக்கு 8,510 ரூபாய். ஜிஎஸ்டி தனி. ஒரே வண்டி, ஒரே சாலை, ஒரே பாதுகாப்பு. வித்தியாசம் 7,539 ரூபாய். இது அரசு நிர்ணயிக்கும் கட்டணம் என்பதால் இதில் பேரம் பேச இடமில்லை. எந்தப் பட்டியலில் உங்கள் வண்டியை வைக்கிறார்கள் என்பது மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது.

பிறகு ஏன் இவ்வளவு பேர் பப்ளிக் கேரியர் கட்டணம் கட்டுகிறார்கள்? பழைய 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் சொந்தச் சரக்கு ஏற்றுபவருக்கென்று தனி பெர்மிட் இருந்தது. அதைக் காட்டினால் இன்சூரன்ஸ்காரர் மறுபேச்சின்றி பிரைவேட் பிரிவில் எழுதுவார். 1988 சட்டம் அந்தப் பிரிவினையை எடுத்துவிட்டது. இன்சூரன்ஸ் கட்டணப் பட்டியலில் மட்டும் அது தங்கிவிட்டது. ஆக, நிரூபிக்க ஒரு பெர்மிட் காகிதம் இப்போது இல்லை. ஏஜென்ட்டுக்கு பப்ளிக் என்று எழுதிவிடுவது சுலபம்; இணையப் படிவங்களிலும் பெரும்பாலும் அதுவே முன்கூட்டித் தேர்வாகி நிற்கும். "மாற்ற முடியாது சார், சிஸ்டத்தில் இப்படித்தான் வருது" என்பார்கள். அதை ஏற்காதீர்கள். கிளை அலுவலகத்துக்கே போய், முன்மொழிவுப் படிவத்தில் 'சொந்தச் சரக்கு மட்டும்' என்று எழுதி, உறுதிமொழிக் கடிதம் ஒன்றும், உங்கள் தொழிலைக் காட்டும் ஆவணம் ஒன்றும் கொடுங்கள். ஜிஎஸ்டி பதிவோ, கடை உரிமமோ, சிட்டா அடங்கலோ, எது இருக்கிறதோ அது. ஒரு நிறுவனம் மறுத்தால் அடுத்த நிறுவனத்தில் கேட்கலாம்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. பிரைவேட் கேரியர் பாலிசியை வைத்துக்கொண்டு, "சும்மா போகிற வண்டிதானே" என்று பக்கத்துக் கடைக்காரரின் மூட்டைகளை டீசல் காசுக்கு ஏற்றினால், பாலிசியில் 'உபயோக வரம்பு' என்று ஒரு வரி இருக்கிறதே, அதை மீறுகிறீர்கள். அன்று வண்டி அடிபட்டால் சொந்தச் சேதத்துக்கான க்ளெய்ம் குறைக்கப்படலாம், முழுதாக மறுக்கவும்படலாம். தேர்ட் பார்ட்டி நஷ்ட ஈட்டை நிறுவனம் முதலில் கட்டிவிட்டு, பிறகு உங்களிடம் வசூலிக்கும் உரிமையைத் தீர்ப்பாயத்தில் கேட்கும். மாதத்துக்கு ஒரு வாடகையாவது போவீர்கள் என்றால் பப்ளிக் கேரியரிலேயே இருங்கள். 7,539 ரூபாய் மிச்சம் அந்த ஆபத்துக்கு ஈடாகாது.

பாலிசிக்குள் என்ன இல்லை

கார் வைத்திருந்தவர்கள் சரக்கு வண்டிப் பாலிசிக்கு வரும்போது முதலில் அடிபடும் இடம் ஐஎம்டி 23 (ஐஎம்டி என்பது பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் விதிகளுக்கான எண் வரிசை). காரில் முன்பக்கம் இடித்தால் பம்பர், லைட், பானெட் எல்லாம் க்ளெய்மில் வரும், தேய்மானம்தான் கழியும். சரக்கு வண்டியில் அப்படி இல்லை. விளக்குகள், டயர், டியூப், மட்கார்டு, பானெட்டின் பக்கப் பகுதிகள், பம்பர், பெயின்ட் இவை எல்லாம் வண்டி முழுச் சேதமானால் ஒழிய கவரில் கிடையாது. அடிப்படைப் பாலிசியே அவற்றை ஒதுக்கிவிடுகிறது. ஐஎம்டி 23 என்ற சேர்க்கையைப் போட்டால்தான் உள்ளே வரும். நகருக்குள் ஓடும் சின்ன வண்டிக்கு நடக்கும் சேதத்தில் பெரும்பகுதி இந்தப் பாகங்களில்தான் என்பதை எந்த டிங்கரிங் ஷெட்டிலும் கேட்டுப் பாருங்கள். சொந்தச் சேதப் பிரீமியம் கொஞ்சம் கூடும், கூடினாலும் போடுங்கள். புதுப்பிக்கும்போது விலையைக் குறைத்துக் காட்ட ஏஜென்ட் முதலில் கழற்றுவது இதைத்தான். "போன வருஷத்தை விட ஆயிரம் கம்மி பண்ணிட்டேன்" என்றால் பாலிசி அட்டவணையில் 23 என்ற எண் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது ஐஎம்டி 34. வணிக வகை வண்டியைத் தொழிலுக்கும் சொந்தக் காரியத்துக்கும் சேர்த்துப் பயன்படுத்துவதற்கென்றே இருக்கும் சேர்க்கை இது. ஞாயிற்றுக்கிழமை அதே பிக்கப்பில் வீட்டுக்குச் சோபா எடுத்து வருவது, சொந்த ஊருக்கு ஓட்டிப்போவது போன்றவற்றுக்குப் பாலிசியை விரிக்கிறது. ஏஜென்ட்டுகளில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எண்ணைச் சொல்லிக் கேட்டால்தான் தேடி எடுப்பார்கள். கொஞ்சம் கூடுதல் பிரீமியம் உண்டு.

ஆனால் 34 போட்டுவிட்டதால் வண்டி கார் ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கேபினில் எத்தனை பேர் உட்காரலாம் என்பதை ஆர்சி சொல்கிறது. அதற்கு மேல் ஒருவர்கூடக் கூடாது. பின்னால், சரக்குத் தொட்டியில், ஒருவரும் கூடாது.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காதுகுத்துக்கும் கோயில் கிடாவெட்டுக்கும் குட்டியானையில் ஆட்களை ஏற்றிப்போவதை எல்லாச் சாலையிலும் பார்க்கிறோம். சட்டத்தின் 147ஆம் பிரிவு சரக்கு வண்டியில் யாருக்குக் கட்டாயக் காப்பீடு தருகிறது என்று வரிசையாகச் சொல்கிறது. ஏற்றிய சரக்கின் சொந்தக்காரர் அல்லது அவருடைய அங்கீகரிக்கப்பட்ட ஆள், வண்டியில் வேலை செய்யும் ஊழியர். அவ்வளவுதான். சும்மா ஏறிக்கொண்ட உறவினருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வண்டி கவிழ்ந்து பின்னால் இருந்த ஆறு பேர் அடிபட்டால் ஆறு பேரின் நஷ்ட ஈடும் உரிமையாளர் தலையில் விழும். வீடு, நிலம் எல்லாம் ஜப்திக்கு வரும் அளவுக்கு அந்தத் தொகை போகும். கட்டணம் தராமல் வருகிற, ஊழியர் அல்லாத பயணிக்கான ஐஎம்டி 37ஏ என்ற சேர்க்கை இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அது கேபினில் ஆர்சிப்படி உட்காருபவருக்குப் போட்டுக்கொள்ளலாம், போடுவது நல்லதும்கூட. தொட்டியில் உட்காருபவரை அது சட்டப்படியானவர் ஆக்காது. உறவுக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, வேன் பிடித்துக் கொடுங்கள்.

ஏற்றி இறக்க ஆள் கூட வருவார் என்றால் ஐஎம்டி 39 கேளுங்கள். வண்டியை ஓட்ட, பராமரிக்க, சரக்கு ஏற்றி இறக்க வைத்திருக்கும் ஊழியருக்கான சட்டப் பொறுப்பை அது ஏற்கிறது, தலைக்கு இத்தனை என்று பிரீமியம். சம்பள டிரைவர் இருந்தால் அவரையும் சேர்க்கச் சொல்லுங்கள். இவை நூறுகளில் முடிகிற செலவு. உரிமையாளரே ஓட்டுகிறார் என்றால் 15 லட்சம் ரூபாய்க்கான கட்டாய தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. உங்கள் காருக்கோ பைக்குக்கோ ஏற்கெனவே அதை எடுத்திருந்தால் மறுபடி வாங்க வேண்டியதில்லை. அந்த விவரத்தைக் கொடுத்து இதில் நீக்கச் சொல்லலாம். வண்டி நிறுவனத்தின் பெயரில் இருந்தால் இந்தக் கவர் பொருந்தாது, கழித்துவிட வேண்டும். பலருக்குக் கழிக்காமலே வசூலாகிறது.

பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கான வரம்பு 7.5 லட்சம் ரூபாய். அதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டால் சிறு தள்ளுபடி உண்டு என்பார்கள். ஒரு நல்ல காரின் கதவை உரசினாலே 6,000 போதாது. தொடவே தொடாதீர்கள்.

சொந்தச் சேதப் பிரீமியம் ஐடிவி (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு), வண்டியின் வயது, பதிவான இடம் ஆகியவற்றைப் பொறுத்தது. சரக்கு வண்டிக்குச் சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா ஏ மண்டலம். மற்ற மாநிலத் தலைநகரங்கள் பி. மீதி எல்லாம் சி. மதுரையிலோ ஈரோட்டிலோ பதிந்த வண்டிக்கு ஏ மண்டலம் போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். இந்தப் பகுதியில் நிறுவனத்துக்கு நிறுவனம் தள்ளுபடி மாறும் என்பதால் மூன்று இடத்திலாவது விலை கேட்பது வீண் வேலை அல்ல. ஐடிவியைக் குறைத்துப் பிரீமியத்தைக் குறைப்பது தந்திரமே தவிர தள்ளுபடி அல்ல: ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டு வயதுள்ள வண்டிக்குக் கழிக்க வேண்டியது புது விலையில் 20 சதவீதம், இரண்டிலிருந்து மூன்றுக்கு 30, நான்கிலிருந்து ஐந்துக்கு 50. அதைவிடக் கீழே இறக்கியிருந்தால் வண்டி திருடுபோகும் நாளில் நஷ்டம் உங்களுக்கு. பின்னால் தனியாகக் கட்டிய பாடி, கூண்டு, தார்ப்பாய்ச் சட்டம் ஆகியவற்றின் மதிப்பையும் ஐடிவியில் சேர்க்கச் சொல்ல வேண்டும். பாடி கட்டிய பில் இருந்தால் போதும். சொல்லாவிட்டால் சேசிஸ், கேபின் விலைக்கு மட்டுமே கணக்குப் போடுவார்கள்.

குறை என்று சொல்ல வேண்டியவை: கார்களுக்குச் சர்வ சாதாரணமாகக் கிடைக்கும் தேய்மானம் கழிக்காத கவர் இங்கே எல்லா நிறுவனத்திலும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் வண்டி வயதுக்கு வரம்பு வைக்கிறார்கள். அது இல்லாதபோது ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி ஆகியவற்றில் பாதி கழியும், ஃபைபரில் 30 சதவீதம் கழியும், கண்ணாடிக்குக் கழிவில்லை. புதுக் காருக்கு மூன்று ஆண்டு தேர்ட் பார்ட்டியைச் சேர்த்தே கட்டுவது போன்ற ஏற்பாடும் இல்லை; வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், மறந்தால் மறந்ததுதான். நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடி) 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். அது அதே வகை வண்டிக்கு மட்டும் மாறும். பிக்கப்பை விற்றுவிட்டுக் கார் வாங்கினால் அந்த 50 சதவீதத்தைக் காருக்குக் கொண்டுபோக முடியாது. பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் போனஸ் முழுக்கப் போய்விடும்.

வரி, பெர்மிட், எஃப்சி

சொந்தக் காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி, வண்டி விலையில் சதவீதமாக ஒரே தடவை. 2023 நவம்பரில் மாறிய விகிதப்படி 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். சரக்கு வண்டிக்கு விலையைப் பார்ப்பதில்லை, பதிவான மொத்த எடையைப் பார்க்கிறார்கள். தவணை தவணையாகக் கட்டும் காலாண்டு வரி. சொந்த உபயோகம் என்பதற்காக இதில் சலுகை இல்லை. காலாண்டு ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரியில் தொடங்குகிறது. தாமதமானால் அபராதம் ஏறும். வண்டி ஏழு வயதைத் தாண்டினால் பசுமை வரியும் சேரும். சொந்தக் காருக்கு அது 15 வயதுக்குப் பிறகே.

பெர்மிட் விஷயத்தில் சின்ன வண்டிக்காரர்களுக்கு நல்ல செய்தி. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குச் சட்டத்தின் 66(3) பிரிவின்படி பெர்மிட்டே வேண்டாம். குட்டியானை வகை இதற்குள் அடங்கும். பெரிய பிக்கப்களில் சில மாடல்கள் 3,000ஐத் தாண்டுகின்றன. கூடுதலாக இரண்டு மூட்டை ஏற்றலாமே என்று மேல் மாடலை எடுத்தால் பெர்மிட் செலவும் புதுப்பிப்பும் வருஷக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும். வாங்கும்போது ஏற்றும் திறனை மட்டும் பார்க்காமல் மொத்த எடை என்ன என்று பாருங்கள்.

எஃப்சி புது வண்டிக்கு இரண்டு ஆண்டு. பிறகு வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும். எஃப்சியில் வண்டிகள் திரும்பி வரும் காரணங்களில் பாதி எஞ்சின் சம்பந்தப்பட்டவையே அல்ல: ஒளிரும் டேப் உரிந்திருப்பது, பக்கவாட்டு விளக்கு எரியாதது, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் வயர் கழற்றப்பட்டிருப்பது, ஆர்சியில் இல்லாத கூண்டு, தேய்ந்த டயர், பார்க்கிங் பிரேக் பிடிக்காதது. முந்தின நாள் ஒரு மணி நேரம் செலவழித்தால் இவை எல்லாம் தீரும். எஃப்சி தேதி முடிந்த வண்டியைச் சட்டம் பதிவு செல்லாத வண்டியாகக் கருதுகிறது என்பதை மறக்க வேண்டாம். அந்த நாளில் நடக்கும் விபத்தில் க்ளெய்ம் சிக்கும் முதல் இடம் அதுதான்.

லைசென்ஸ் பற்றிய பழைய பயம் இப்போது பெருமளவு தீர்ந்துவிட்டது. இலகு ரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தைத் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. பேட்ஜ் (அந்தத் தனி அனுமதி) இல்லை என்று சொல்லி, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் க்ளெய்மை நிறுத்தினால் இந்தத் தேதியைச் சொல்லி எழுத்தில் பதில் கேளுங்கள்.

பரிவாகன் தளத்தைப் பற்றி: வரி கட்டுவதும் எஃப்சிக்கு நேரம் எடுப்பதும் வீட்டிலிருந்தே முடிகிறது, அதற்கு முழு மதிப்பெண். சிக்கல் விவரங்கள் பொருந்தாதபோதுதான். இன்சூரன்ஸ் தகவல் நிறுவனத்திடமிருந்து தானாக வந்து சேர வேண்டும். பாலிசியில் சேசிஸ் எண்ணில் ஓரெழுத்து மாறியிருந்தாலும் வராது. ஓ என்ற எழுத்துக்கும் சைபருக்கும் நடக்கும் குழப்பம் சகஜம். கையில் பாலிசி இருக்கும், தளமோ இன்சூரன்ஸ் இல்லை என்று சொல்லும். அதை ஆர்டிஓ அலுவலகத்தில் திருத்த முடியாது, இன்சூரன்ஸ் நிறுவனம்தான் பாலிசியைத் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். ஆகவே பாலிசி வந்தவுடன் சேசிஸ் எண், எஞ்சின் எண், மொத்த எடை, கேரியர் வகை நான்கையும் ஆர்சியோடு வைத்து ஒப்பிடுங்கள். பாலிசியை வரிக் கெடுவுக்கு முந்தின நாள் புதுப்பிக்காமல் ஒரு வாரம் முன்னதாகச் செய்யுங்கள். ஓடிபி வருவதற்கு ஆர்சியில் உங்கள் இப்போதைய செல் எண் இருக்க வேண்டும். பழைய வண்டி வாங்கியவர்கள் முதல் வேலையாக இதை மாற்றிக்கொள்ளுங்கள்.

டாக்ஸியை வாங்கி வெள்ளை போர்டாக்குவது

சரக்கு வண்டியை மாற்ற முடியாது என்றாலும், பயணிகள் டாக்ஸியாக ஓடிய காரைச் சொந்தக் காராக மாற்றலாம். விலை மலிவு என்பதால் இப்படி வாங்குபவர்கள் அதிகம். வரிசை முக்கியம். முதலில் நிலுவை வரியும் இ-சலானும் தீர வேண்டும். பெர்மிட்டை ஒப்படைத்து அதற்கான ரசீதை வாங்க வேண்டும். கடன் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் என்ஓசி (தடையில்லாச் சான்று). பிறகு பரிவாகனில் வாகன மாற்றத்துக்கு விண்ணப்பித்து, வண்டியை ஆய்வுக்குக் காட்டி, வயதுக்கேற்பக் கணக்கிடும் ஆயுள் வரியைக் கட்ட வேண்டும். இந்த வரித் தொகையை விசாரிக்காமல் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மலிவு என்று நினைத்தது மலிவாக இல்லாமல் போவது இங்கேதான்.

இன்சூரன்ஸில் ஒரு முடிச்சு விழும். ஆர்டிஓ அலுவலகம் செல்லுபடியாகும் இன்சூரன்ஸைக் கேட்கும், இன்சூரன்ஸ் நிறுவனமோ மாற்றிய ஆர்சியைக் காட்டினால்தான் சொந்தக் கார் பிரிவில் எழுதுவேன் என்னும். டாக்ஸி பாலிசியை வைத்தே மாற்றத்தை முடித்துக்கொண்டு, ஆர்சி கைக்கு வந்த அன்றே நிறுவனத்துக்கு அனுப்பி வகை மாற்றம் கேளுங்கள். பாதியில் மாற்ற மறுத்தால் பழையதை ரத்து செய்து புதியது எடுக்கலாம், ஆனால் புதுப் பாலிசி தொடங்கும் நேரமும் பழையது முடியும் நேரமும் இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். 1,000 சிசிக்கு மேல் 1,500 வரையான சொந்தக் காருக்கு 2022 கட்டணப்படி தேர்ட் பார்ட்டி 3,416 ரூபாய்தான் என்பதால் தள்ளிப்போடுவது நஷ்டம். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை வெள்ளை நிறத்தில் புதிதாகப் போட வேண்டும். ஃபாஸ்டேக் பதிவிலும் வணிக வாகனம் என்பதை மாற்றுங்கள். 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான 200 பயண ஆண்டு பாஸ் வணிகமல்லாத கார், ஜீப், வேனுக்கு மட்டுமே.

க்ளெய்ம் வந்தால்

வண்டியை நகர்த்தும் முன் நான்கு பக்கமும் போட்டோ, உடனே நிறுவனத்துக்குத் தகவல், சர்வேயர் பார்க்கும்வரை பாகங்களைக் கழற்றக் கூடாது. இது எல்லா வண்டிக்கும் பொது. சரக்கு வண்டிக்குக் கூடுதலாகக் கேட்பது விபத்து நேரத்தில் வண்டியில் இருந்த சரக்கின் விவரம். பிரைவேட் கேரியர் என்றால் சரக்கு உங்களுடையதுதான் என்று காட்ட வேண்டும்: கொள்முதல் பில், டெலிவரி சலான், தோப்பிலிருந்து வரும் விளைபொருள் என்றால் தேதியிட்டுக் கையெழுத்திட்ட ஒரு துண்டுச் சீட்டாவது. டேஷ்போர்டில் ஒரு நோட்டு வைத்து ஒவ்வொரு நடைக்கும் தேதி, சரக்கு, எங்கிருந்து எங்கே என்று எழுதிவைக்கும் பழக்கம் இந்த இடத்தில் பெரிய உதவி. எடைச் சீட்டு இருந்தால் அதையும் நோட்டோடு செருகி வையுங்கள். ஆர்சியில் உள்ள எடைக்கு மேல் ஏற்றியிருந்தது தெரியவந்தால் சர்வேயரின் அறிக்கை வேறு மாதிரி போகும்.

வண்டியை விற்கும்போதும் வாங்கும்போதும் ஒரு கெடு இருக்கிறது. ஆர்சி கைமாறினால் தேர்ட் பார்ட்டி பகுதி தானாக வாங்கியவருக்குப் போய்விடும். சொந்தச் சேதப் பகுதி போகாது. வாங்கியவர் 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு விண்ணப்பித்துத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். விற்றவர் வாடகை வண்டி ஓட்டியவராக இருந்தால் பழைய பாலிசி பப்ளிக் கேரியரில் இருக்கும், அதை அப்போதே பிரைவேட்டாகத் திருத்தும்படி அதே விண்ணப்பத்தில் எழுதிக் கொடுங்கள்.